கம்பளிக் கோட்டில் ஒரு சனிக்கிழமை

ஆகஸ்ட் மாதத்து லிமசோலில் கம்பளிக் கோட்டு போட்டிருப்பவன் ஒன்று பிணமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை, கிரேக்கம் பேசும் அந்தத் தீவின் துறைமுகத்துக்கு எதிரே பஸ்ஸை ஒட்டி நின்றுகொண்டிருந்த சுற்றுலா வழிகாட்டி ஜீனோன் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தார். முகம் பிணத்துக்குப் பக்கம். மனது மாப்பிள்ளைக்குப் பக்கம்.

"யாருய்யா செத்தது?" என்று ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து கேட்டான் டிரைவர் ஹம்பிஸ்.

"வாய மூடிக்கிட்டு ஏசியப் போடு."

"ஏசி பஸ்ஸுக்கு. உன் கோட்டுக்குள்ள நான் எப்படிப் போடுறது?"

ஜீனோன் டை முடிச்சை இறுக்கிக்கொண்டார். பதில் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். விஷயம் இதுதான்: கத்தோ அம்பெலியா என்ற மலைக்கிராமத்தில் ஒயின் கடை வைத்திருக்கும் ரோதூலா, புதன்கிழமை அவருக்கு போன் செய்திருந்தாள். "சனிக்கிழமை வண்டி கொண்டாரும்போது நல்ல கோட்டா ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க. உங்ககிட்ட ஒரு பெரிய விஷயம் கேக்கணும். ஊர் முன்னால கேக்கணும்" என்றாள்.

புருஷனை இழந்த பெண் ஒருத்தி, கல்யாணமாகாத ஆண் ஒருவரிடம், ஊர் முன்னால், கோட்டு போட்டு வரச் சொல்லி, பெரிதாகக் கேட்க என்ன இருக்கிறது? அவள் கேட்கும் வரை காத்திருக்காமல் தானே முந்திக்கொண்டு கேட்டுவிடுவதுதான் ஆண்மை என்று ஜீனோன் முடிவு செய்திருந்தார்.

அவர் ஐம்பதைத் தாண்டியும் தனியாக இருந்ததற்கு விதி காரணமில்லை, வாய்தான் காரணம். இளவயதில் வந்த ஒவ்வொரு சம்பந்தத்திலும் இன்னும் ஒரு ஆரஞ்சுத் தோப்பு சேர்த்துக் கேட்டார். பெண் வீட்டார் பாதித் தோப்பு வரை ஏறி வந்தார்கள். இவர் கால் தோப்புகூட இறங்கி வரவில்லை. அப்படியே தலை நரைத்துவிட்டது. ரோதூலா விஷயத்தில் தோப்புப் பேச்சே வேண்டியிருக்கவில்லை. கடை, கடைக்கு மேலே வீடு, கீழே நிலவறை, நிலவறையில் பீப்பாய்கள், தெற்குப் பார்த்த சரிவில் திராட்சைத் தோட்டம். ஒரு பெண்ணை இந்த வரிசையில் வர்ணிப்பது முறையில்லைதான். ஆனால் ஜீனோனின் மனதுக்குள் அவள் இந்த வரிசையில்தான் இருந்தாள். கடைசியில் ஒன்று உண்டு. அவர் விடும் புளுகுக்கு வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். அதைச் சொத்தில் சேர்ப்பதா, செலவில் எழுதுவதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

பஸ் நிறைய இங்கிலாந்துப் பென்ஷன்காரர்கள். வெயிலுக்கென்று காசு கட்டி வந்து, வெயில் அடிக்கிறதே என்று புகார் சொல்லும் ரகம். அவர்களுக்குத் தலைவி மிஸஸ் ஹாட்ஜ். ஓய்வு பெற்ற பல் டாக்டர். எதிரில் வருகிறவர் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார். கையில் சுற்றுலாப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஒட்டுத்தாள்.

முதலில் கூரியோன். கடலுக்கு மேலே பாறை விளிம்பில் பழைய நகரம் இடிந்து கிடக்கிறது. அரைவட்ட அரங்கத்தின் படிக்கட்டில் பென்ஷன்காரர்களை உட்கார வைத்துவிட்டு, ஜீனோன் நடுவில் நின்று கைதட்டிக் காட்டினார். சத்தம் மேல் படி வரை போனது. இதைப் பார்த்து வாய் பிளக்காத கூட்டத்தை அவர் இதுவரை கண்டதில்லை. கைதட்டலை ஊரில் இலவசமாகக் கேட்கும்போது யாரும் வாய் பிளப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறார்.

"இவ்வளவு நல்ல எடத்த ஏன் இப்படி இடிய விட்டீங்க?" என்றார் மிஸஸ் ஹாட்ஜ்.

"நிலநடுக்கம் மேடம். எங்ககிட்ட அனுமதி கேக்காம வந்துருச்சு."

"அப்புறமாவது கட்டியிருக்கலாமே?"

"கட்டியிருந்தா நீங்க பாக்க வந்திருக்க மாட்டீங்களே."

வழக்கமாக அந்த இடத்தில் அவர் கிளாடியேட்டர்களையும் சிங்கங்களையும் அவிழ்த்துவிடுவார். இன்று சிங்கத்துக்கு நேரமில்லை. வியர்வை முதுகெலும்பு வழியாக இறங்கி இடுப்பில் குளம் கட்டிக்கொண்டிருந்தது. தரையில் வண்ணக் கற்களால் போட்ட பழைய சித்திரங்களைக் காட்டும்போது, "இது கௌதாரி. அது மீன். பாத்தாச்சா? வாங்க" என்று முடித்துவிட்டார். ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஓடாமல் நின்ற கௌதாரி, அன்று அவருக்காக ஓடியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்து கொலோஸி கோட்டை. சதுரமாக, தடித்துப்போய், ஜன்னலைக் கஞ்சத்தனமாக வைத்த ஒற்றைக் கோபுரம். ஒரு காலத்தில் சிலுவைப் போர் வீரர்கள் இருந்தார்கள். சாமி பேரைச் சொல்லி வந்து சர்க்கரையும் ஒயினும் விற்றவர்கள். ஜீனோனுக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. மேல்மாடிக் கூடத்தில் பெரிய கணப்படுப்புக்கு முன் நின்றதும் அவருக்குள் இருந்த மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

"இந்தக் கூடத்துலதான் சிலுவைப் போருக்கு வந்த உங்க இங்கிலாந்து ராஜாவுக்குக் கல்யாணம் நடந்துச்சு. பொண்ணு கடல்ல தத்தளிச்சு வந்தா. நம்ம ஊர் மண்ண மிதிச்சா. இதோ இங்கதான் ராஜா அவ கையப் புடிச்சாரு. அவருக்கும் வயசு கொஞ்சம் ஆகியிருந்துச்சு. ஆனா கல்யாணத்துக்கு வயசென்னங்க? மனசுதான!"

மிஸஸ் ஹாட்ஜ் மஞ்சள் தாள் ஒட்டிய பக்கத்தைப் பிரித்தார். "இந்தக் கோட்டைய, ராஜா செத்து எரநூறு வருஷத்துக்கு மேல கழிச்சுக் கட்டுனதா இதுல போட்டிருக்கே?"

"இத எழுதுனவர் கல்யாணத்துக்கு வந்திருந்தாரா மேடம்?"

ஹம்பிஸ் படிக்கட்டு வாசலில் சாய்ந்துகொண்டு கிரேக்கத்தில் சொன்னான்: "ராஜாவுக்கு மட்டுமா? மந்திரிக்கும் இன்னிக்குக் கல்யாணம் போலிருக்கே. பொண்ணு யாரு? நிலவறைப் பொண்ணா?"

"உனக்கு யார் சொன்னா?"

"உன் செண்ட்டு சொல்லுது. முன் சீட்டெல்லாம் தும்முதுய்யா."

கோட்டை உச்சிக்குப் போகும் படிகள் வழுக்கும் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கூட்டத்தைக் கீழே இறக்கினார் ஜீனோன். பஸ் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். சரி செய்ய அதிகமில்லை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது.

கத்தோ அம்பெலியாவில் நானூறு வருஷத்துக்குக் குறைந்த பொருளே கிடையாது. போன வருஷம் வாங்கிய மரப் பீப்பாய்கூட நானூறு வருஷம்தான். தெருவுக்குத் தெரு ஒரு கடை. கடைக்குக் கடை ஒரு பழைய திராட்சை ஆலை. ஒவ்வொன்றும் ஊரிலேயே மூத்தது. வால்நட்டைக் கோர்த்துத் திராட்சைப் பாகில் முக்கிய மிட்டாய் சரம் சரமாகத் தொங்கும். ரோதூலாவின் கடைதான் இதிலெல்லாம் கெட்டிக்காரக் கடை. உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கிண்ணம் சாராயம், நாக்கு செத்துப்போகும். அடுத்து இனிப்பு ஒயின்; செத்த நாக்குக்கு அது அமிர்தம். மூன்றாவதாக விலை சொல்வாள். அதற்குள் தலையும் செத்திருக்கும். விற்றதில் ஜீனோனுக்குக் கமிஷன்.

ஆனால் அன்று கடை அடைத்திருந்தது.

பஸ் சதுக்கத்தில் நின்றதும் ஜீனோன் பார்த்தது: இறக்கிய ஷட்டர், சலவைச் சட்டையில் ஊர் ஆண்கள், குதிகால் செருப்பில் கல் தெருவைத் திட்டிக்கொண்டு பெண்கள், கோயில் வாசலில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி ஒரு கிழவர். எங்கிருந்தோ ஆடு வறுபடும் வாசனை. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இவ்வளவு ஏற்பாடா? இன்றைக்கேவா? கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தால், கையோடு முடித்தே விடுவாள் போலிருக்கிறதே!

ரோதூலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்பை விட்டுவிட்டிருந்தாள். வான நீலத்தில் உடை. இடுப்பில், புருஷன் செத்தபின் பிறந்த பிள்ளை. ஜீனோன் இறங்கிய கையோடு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஜீனோன், ஊர் முன்னால கேக்குறேன். என் பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிப்பீங்களா?"

சதுக்கம் கைதட்டியது. என்னவென்று தெரியாமலே பென்ஷன்காரர்களும் தட்டினார்கள். கிழவர் மணியை இழுத்தார்.

அந்தத் தீவில் ஞானஸ்நானத்துக்கு நிற்கும்படி கேட்டால், கேட்கப்பட்டவன் மறுப்பதில்லை. மறுத்தவன் வீட்டில் அப்புறம் யாரும் காபி குடிக்க மாட்டார்கள். இது ஒரு விதி. இன்னொரு விதியும் உண்டு, அதுவும் பால்குடிப் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கும்பாரோஸ் ஆகிறான்; அவள் அவனுக்குக் கும்பாரா. கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேலே. அவளை அவன் கல்யாணம் செய்ய முடியாது. எந்தக் கோயிலிலும், எந்தப் பாதிரியாரும், எத்தனை பாட்டில் கொடுத்தாலும் செய்து வைக்க மாட்டார்.

"கை கழுவணும்" என்றார் ஜீனோன்.

"வாங்க" என்று ரோதூலா அவரைப் பக்கவாசல் வழியாக நிலவறைக்கு அழைத்துப் போனாள். பிள்ளையை வாசலில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன ரோதூலா இது?"

"ரெண்டு வயசாகப் போவுது. இன்னும் பேரில்லாம குட்டி, குட்டின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம். எவ்வளவு நாளைக்கு?"

"எங்கிட்ட எண்ணெய் இல்ல, சிலுவை இல்ல, துணி இல்ல. எல்லாத்தையும் ஞானத்தகப்பன்தான் வாங்கியாரணும். வெறுங்கையோட போய் நின்னா ஊர் சிரிக்காதா?"

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். ஆலிவ் எண்ணெய், வெள்ளைத் துண்டுகள், தங்கச் சிலுவை, நீல ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி, கைக்குட்டை அளவுக்குச் சட்டை, அதைவிடச் சின்னச் செருப்பு.

"எல்லாம் நீங்க வாங்கியாந்ததுதான். ஊர்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

பெட்டியின் ஓரத்தில், எழுத்து அச்சடித்த ரிப்பன் கட்டிய குட்டி குட்டி ஊசிகள். சாட்சிக்கு வந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்வது. ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிள்ளை பெயர் பியெரிஸ், செத்துப்போன அப்பன் பெயர். ஞானத்தகப்பன்: ஜீனோன். இன்றைய தேதி.

"இத எப்ப அச்சடிச்ச?"

"ஈஸ்டர் முடிஞ்ச கையோட."

ஜீனோன் பீப்பாய் ஒன்றின் மேல் கைவைத்துக்கொண்டார். ஈஸ்டரிலிருந்து அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசனை சோப்பு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவளும் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருந்தாள். விலை பேசுவதற்கு முன்பே சரக்கைக் காகிதத்தில் சுற்றிவிட்டார்கள் என்றால் பேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதை அவரே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். தனக்குச் செய்யும்போது அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறார்.

"உன்னக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

"தெரியும். அதான் முந்திக்கிட்டு இதப் பண்றேன்."

"எங்கிட்ட என்ன குறை?"

"குறையா? ஒண்ணுமில்ல. நல்லாப் பேசுறீங்க. சோப்பு கொண்டாரீங்க. ஆனா வரும்போதெல்லாம் என் பீப்பாயத் தட்டிப் பாக்குறீங்க, எது நெறஞ்சிருக்கு, எது காலின்னு. பியெரிஸ் உசுரோட இருக்கும்போதே தட்டுனீங்க. இதோ இப்பவும் கை அங்கதான் இருக்கு."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"புருஷன்னு ஒருத்தன் வந்தா கல்லாப்பெட்டிகிட்ட வந்து உக்காருவான். கும்பாரோஸ்னா வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துவான். எனக்குக் கல்லாவுல உக்காரத் தெரியும். வண்டிதான் ஓட்டத் தெரியாது."

"அப்ப என் கமிஷன்?"

"கும்பாரா கையிலருந்து கமிஷன் வாங்குவீங்களா? கேக்கவே நல்லாவா இருக்கு? சே!"

"மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லுங்களேன். யார் புடிச்சு வச்சிருக்கா? அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க."

நிலவறை ஜன்னல் தெரு மட்டத்தில் இருந்தது. ஜீனோன் குனிந்து பார்த்தார். சதுக்கத்தின் மறுபக்கம் இன்னொரு பஸ். அதன் நிழலில் அவருடைய தொழில் எதிரி லிசாந்த்ரோஸ் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றான். அவனும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தான்.

"அவனையும் கோட்டு போட்டு வரச் சொன்னியா?"

"கடைக்காரின்னா ஒரு சரக்க நம்பியா கடை தொறப்பா?"

ஜீனோன் கணக்குப் போட்டார். மறுத்தால் பெண் இல்லை, வண்டி நிறுத்த இடம் இல்லை, ஊருக்குள் முகம் இல்லை. ஏற்றுக்கொண்டால் பெண் மட்டும்தான் இல்லை. பக்கத்துக் கடைக்கு வண்டியைத் திருப்பலாம்தான். ஆனால் அந்தக் கடைக்காரன் லிசாந்த்ரோஸுக்கு மச்சான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முன்கூட்டியே அங்கே வழிமறித்து ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவருக்கு, எதிராளி கெட்டிக்காரத்தனமாகச் செய்ததைப் பார்த்தால் வருகிற பாழாய்ப்போன மரியாதையும் கொஞ்சம் வந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

"பெட்டியக் குடு" என்றார்.

கோயிலுக்குள் மிஸஸ் ஹாட்ஜ் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டிருந்தார். "இது டிக்கெட்டுலயே சேர்ந்ததா?" என்று ஹம்பிஸிடம் கேட்டார். "உங்களுக்கு மட்டும் மேடம்" என்றான் அவன், பல்லை மூடிக்கொண்டு.

வழக்கப்படி தாய் உள்ளே வரக் கூடாது. பிள்ளைக்குப் பெயர் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். ரோதூலா முற்றத்தில், திறந்த கதவுக்கு நேராக, நீல உடையில் நின்றாள். ஜீனோன் பிள்ளையை ஏந்திக்கொண்டார். அது அவர் டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. லூக்கா பாதிரியார் அவரை மேற்குப் பக்கம் திருப்பினார். சாத்தான் மேற்கில் இருப்பதாக ஐதீகம். அந்தக் கோயிலுக்கு வாசலும் மேற்கில்தான்.

"சாத்தான விட்டு விலகுறியா?"

ஜீனோன் வாசலைப் பார்த்தார். நீல உடை.

"விலகுறேன்."

"சாத்தான விட்டு விலகுறியா?"

"விலகுறேன்!"

"சாத்தான விட்டு விலகுறியா?"

"விலகிட்டேன் சாமி! மொத்தமா விலகிட்டேன்!"

"அப்ப அவன் மேல துப்பு."

வாசலைப் பார்த்து மனதாரத் துப்பினார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு உண்மையாக யாரும் சாத்தானைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை என்று பாதிரியார் பக்கத்திலிருந்த பாட்டுக்காரரிடம் முணுமுணுத்தார்.

விசுவாசப் பிரமாணத்தை ஜீனோன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். பாதிரியார் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் கையை நனைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளைக்குப் பேரு?"

இங்கேயும் ஒரு வழக்கம். பெயரை ஞானத்தகப்பன் வாயால்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்வதுதான் பெயர். தகப்பனோ தாயோ தாத்தாவோ என்ன நினைத்திருந்தாலும், அந்த ஒரு நொடி அவன் நாக்கு மட்டும்தான் சட்டம். எல்லாரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதால் இந்த உரிமை ஒன்று இருக்கிறது என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது. ரோதூலாவுக்கும் மறந்து போயிருந்தது.

ஜீனோன் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை டையை மென்றது. காலையிலிருந்து முதல்முறையாக ஒரு சரக்குக்கு விலை வைக்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார்.

"ஜீனோன்" என்றார்.

"உன் பேரக் கேக்கலப்பா. பிள்ளை பேரு."

"பிள்ளை பேரத்தான் சொல்றேன் சாமி."

"பியெரிஸ்னு ஊசியிலகூடப் போட்டிருக்கே!"

"ஞானத்தகப்பன் சொல்றது பேரா, ஊசி சொல்றது பேரா? விதிய எப்ப மாத்துனீங்க? எனக்கு யாரும் சொல்லலியே."

பாதிரியார் வாசலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆடு வெந்துகொண்டிருந்தது. விதியும் அந்த ஆள் பக்கம்தான் இருந்தது. பிள்ளையை வாங்கி, எண்ணெய் பூசி, முக்கி எடுத்தார். "தேவனின் ஊழியன் ஜீனோன்!" பிள்ளை கோயில் கூரை அதிரக் கத்தியது.

வாண்டுக் கூட்டம் வெளியே ஓடியது. தாயிடம் பெயரை முதலில் போய்ச் சொல்கிறவனுக்குக் காசு. "ஜீனோன்! அத்தே, ஜீனோன்!" என்று போட்டி போட்டுக் கத்தினார்கள். ரோதூலா யாருக்கும் காசு கொடுக்கவில்லை.

உள்ளே வந்து, முறைப்படி குனிந்து அவர் கையை முத்தமிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"நாசமாப் போ, கும்பாரே" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"நீயும் நல்லா இரு, கும்பாரா."

விருந்து நன்றாகவே நடந்தது. ஊசிகளைக் குத்திக்கொண்டவர்கள் பெயர் தெரியாதபடி கவிழ்த்துக் குத்திக்கொண்டார்கள். கடை திறந்தது. பென்ஷன்காரர்களுக்கு முதல் கிண்ணம் போனது, இரண்டாவது போனது, மூன்றாவதாக விலை சொல்லப்பட்டது; கையில் பிடிக்கிற அளவுக்கு மேலேயே வாங்கினார்கள். ஜீனோனுக்கு ஒரு காசு வரவில்லை. ஆட்டுத் தொடையில் மட்டும் பெரிய துண்டு வந்தது. லிசாந்த்ரோஸ் அவருடைய முதுகில் தட்டி வாழ்த்துச் சொன்னான். தப்பித்து வீட்டுக்குப் போகிறவன் முகம் அவனுக்கு.

சாயங்காலம் பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு கடைக்குள்ளிருந்து ரோதூலாவின் குரல் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

"ஜீனோன்! ஏறாத! எறங்குடா கீழ! ஜீனோன், காதுல விழல? பீப்பாய விட்டு எறங்குன்னு சொல்றேன்!"

பஸ் மொத்தமும் வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தது. "உங்களத்தான் கூப்பிடுறாங்க" என்றார் மிஸஸ் ஹாட்ஜ். கிரேக்கத்தில் கத்தியதில் பெயரை மட்டும் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜீனோன் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கறை பட்ட கோட்டை மட்டும் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. அது ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஹம்பிஸைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கதவைச் சாத்தினான்.